முன் சீட்டு

பஸ்ஸை நிறுத்திய பிறகு எங்கள் ஊருக்கு மிச்சம் ஒரே ஒரு கார். ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அதே பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். நிதானமான கை, வாய்தான் கொஞ்சம் நீளம். கண்? அந்தப் பாழாய்ப்போன கண்தான் ஆறு மாதமாக அவிந்துகொண்டே வருகிறது.

இது எனக்கும் அவருக்கும் கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். வண்டியை விட்டுவிடச் சொல்லி அழுதேன். "நான் விட்டா தையல்கார அக்காவ யாரு கூட்டிட்டுப் போறது? நீ தூக்கிட்டு நடப்பியா?" என்று எரிந்து விழுந்தார். அக்காவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தவறினால் உயிர் தங்காது. ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர்.

அன்றிலிருந்து முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் தொணதொணப்பேன். "ஐயோ, எதிர்ல லாரி, பயமா இருக்குங்க! வளைவு வருது, மெதுவா போங்களேன்!" பின்னால் அக்கா சிரிப்பார். "உன் வாய் இருக்கறப்ப வண்டிக்கு ஹாரனே வேணாம்மா." சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை அக்கா கால் வீங்கி வந்தார். "பின்னாடி மடக்கி உட்கார முடியலம்மா. நான் முன்னாடி ஏறிக்கறேன்."

மறுக்க என்ன காரணம் சொல்வது? பின்னால் ஏறினேன். எட்டி எட்டிப் பார்த்தும் சீட்டின் முதுகு பாதி ரோட்டை மறைத்தது. "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. ஆற்றுப் பாலம் நெருங்கியது. ஒரு வண்டிதான் போகலாம், பக்கச் சுவர் கிடையாது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. எந்தப் பக்கம் ஒடிக்கச் சொல்வது என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.

"பாலம் வந்துடுச்சு தம்பி," என்றார் அக்கா. "பிரேக் போடுங்க. கொஞ்சம் வலப்பக்கம் ஒடிங்க. அவ்ளோதான். எதிர்ல யாருமில்ல, போங்க."

கார் பாலத்தைக் கடந்தது.

"அக்கா, உங்களுக்கு எப்படி..."

"ஊருக்கே தெரியும்மா. வேற வண்டி ஏது எங்களுக்கு? நீ முன்னாடி இருக்கற தைரியத்துலதான் எல்லாரும் ஏறுறோம்."

என் வீட்டுக்காரர் கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வெள்ளிக்கிழமையும் இதே நேரம்தானேம்மா?"

"ஆமாக்கா," என்றேன்.