நன்றி சொன்ன பேனர்

எங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் செங்கொடியை 'ஏர்போர்ட் செங்கொடி' என்றால்தான் தெரியும். பயணிகள் இறங்கியதும் துடைப்பமும் துணியுமாக விமானத்துக்குள் ஓடி, அடுத்த கூட்டம் ஏறுவதற்குள் வாந்தியையும் பிஸ்கட் தூளையும் வாரித் துடைக்கிற வேலை. அம்மா தாயம்மாவும் தம்பி அறிவும் சாப்பிட்டது அவள் சம்பளத்தில்தான்.

விமானக் கம்பெனி தள்ளாடியது. இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு. அப்போது அரசு பெரிய மனது பண்ணி எரிபொருள் வரியைக் குறைத்தது, கடனுக்கு ஜாமீன் நின்றது. "தொழிலாளர்களின் வேலையைக் காக்கவே இந்தச் சலுகை" என்று டி.வி.யில் சொன்னார்கள்.

தொழிலாளி என்றால் எங்களுக்குச் செங்கொடிதானே! காதுகுத்துக்கே பேனர் கட்டுகிற தெரு இதற்குச் சும்மா இருக்குமா? வேலைக்குப் போடும் நீலக் கோட்டில் கைகூப்பி நிற்கும் செங்கொடி, கீழே கூலிங்கிளாஸ் போட்ட எங்கள் பையன்கள் வரிசை, நடுவில் கொட்டை எழுத்தில்: 'எங்கள் செங்கொடியின் வேலையைக் காப்பாற்றிய அரசுக்கு நன்றி!'

பேனரின் பளபளப்புகூடப் போகவில்லை. சூப்பர்வைசர் தவசிமுத்து அவளைக் கூப்பிட்டார்.

"செலவக் குறைக்காவளாம். இனிமே ஏர்ஹோஸ்டஸ் பிள்ளைகளே துடைச்சுக்கிடுவாவ. நாளையில இருந்து நீங்க யாரும் வரவேண்டாம்மா."

"அப்போ கெவருமெண்டு குட்த்தது இன்னாத்துக்கு சார்?"

"அது கம்பெனிக்கும்மா."

ஏர்போர்ட்டுக்குள் நுழையும் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிகிறது. வரியைக் குறைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஆளைக் குறைக்காதே என்று ஒரு நிபந்தனை போடத் தெரியாதா?

அறிவு பேனரைக் கிழிக்கப் போனான். "கிழிக்காத நைனா, அவுத்துக் குடு" என்றாள் செங்கொடி.

மறுநாள் அதே நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆளுங்கட்சி அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். 'நன்றி' என்ற எழுத்தைப் பார்த்ததும் வாட்ச்மேனே ஓடிவந்து கேட்டில் கட்டக் கைகொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு நிர்வாகி பல்லெல்லாம் தெரிய வந்து போனை எடுத்தார். "அப்படியே நில்லும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

செங்கொடி படத்தில் இருப்பது போலவே கைகூப்பி நின்றாள்.

"போட்டோ அப்பால எட்த்துக்கலாம் சார். நீங்க காப்பாத்துன என் வேலை எங்க கீது? அத்த மொதல்ல காட்டுங்க."

அவர் முகம் சுண்டிவிட்டது. "யோவ், பேனரை அவுருய்யா!" என்று வாட்ச்மேன் மேல் பாய்ந்தார். அவள் வேலை போனபோது ஒருத்தருக்கும் வராத கோபம், நன்றி சொன்ன பேனரைப் பார்த்து வந்துவிட்டது.