மீன்மேல் விழுந்த பழி

நிக்காஹ் நெருங்கிய நேரத்தில் என் நெற்றியில் நிறையப் பரு. "மீன் கிரந்தி, மொகத்துக்கு ஆகாது" என்றார் அண்ணன் மனைவி, மச்சி. மீனையே விட்டேன். மீன்பிடி ஊரான ஆலங்குடாவில், அதுவும் கடலுக்குப் போகிறவரின் மகள்!

"என்ட மீனாலதானே புள்ளட மொகம் இப்படியாச்சு" என்று வருந்திய வாப்பா, கறிக்கு மீன் கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டார். வீட்டில் பாண் ரொட்டியும் பருப்பும்தான். பருக்களோ குறையவில்லை.

கடைசியில் வாப்பாவோடு புத்தளம் போய்த் தோல் டொக்டரிடம் காட்டினேன். அந்த அம்மா ஸ்காஃபையும் அதற்குள் போட்டிருந்த தொப்பியையும் விலக்கிப் பார்த்தார்.

"பரு எல்லாம் உள்தொப்பி விளிம்போட வரிசையா இருக்கே. தலைக்கு எண்ணெய் வைக்கிறீங்களா?"

"ஓம் டொக்டர், தினமும் காலையில தேங்காயெண்ணெய்."

"எண்ணெயும் வேர்வையும் இறுக்கமான தொப்பிக்குள்ள தேங்கி, தோல் துவாரத்தை அடைக்குது. மீன் பாவம், விடுங்க." சிரித்தபடி பூசுமருந்து எழுதித் தந்தார்.

இப்போது முழுகுவதற்கு முன்னர் மட்டுமே எண்ணெய் வைக்கிறேன்; தொப்பியைத் தினமும் துவைக்கிறேன். நிக்காஹ் படங்களில் என் நெற்றி பளிச்சென்று இருக்கிறது.

அன்று வெளியே காத்திருந்த வாப்பா, "டொக்டர் என்ன சொன்னாங்க?" என்று பதறினார்.

"கறிக்கு மீன் கொண்டுவரச் சொன்னாங்க வாப்பா."

மறுநாள் கடலுக்குப் போகும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, என் வாப்பா சந்தையில் மீன் வாங்கினார்.