கத்துவதற்கென்று ஒரு பூங்கா

சுதா, ரமணன்... இந்தக் கிழமைப் பத்தியை என் பிள்ளைகள் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வழக்கமாக வாசிப்பவர்கள் கோபிக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து கேளுங்கள். மறைக்க ஒன்றுமில்லை. மறைத்தது போதும்.

சுதா எல்லாம் நடந்தபோது அங்கேயே நின்றவள். ரமணன், பாரிசில் இருக்கிற உனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அக்கா சுதா கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்து மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு ஊர் அலுத்துவிட்டது. மூத்தவன் ஆரனுக்கு எட்டு வயது, சின்னவள் மீராவுக்கு ஐந்து. மாடு பார்த்தாயிற்று. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு பார்த்தாயிற்று. "அடுத்தது என்ன அம்மப்பா?" என்கிறாள் மீரா. எங்கள் மடத்துவெளியில் அடுத்தது என்ன? அடுத்ததும் மாடுதான்!

ஆகவே ஒரு வான் பிடித்துக்கொண்டு, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் இருக்கிற விளையாட்டுப் பூங்காவுக்குப் போனோம். உள்ளே கால் வைத்ததுமே ஒரே கூச்சல். வானத்திலிருந்து கூச்சல், தண்ணீருக்குள்ளிருந்து கூச்சல். யாருக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று நான் திடுக்கிட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. காசு கொடுத்து ரிக்கற் எடுத்துக் கத்துகிறார்கள்!

படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றபோது, வாசலில் நின்ற பொடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஐயா, வேட்டியோடை ஏற ஏலாது. எங்கையும் சிக்கிப்போடும்."

"நான் ஏறேல்லைத் தம்பி. காவலுக்கு வந்தனான்."

"இல்லை! அம்மப்பா என்னோடைதான் இருக்கவேணும்" என்று மீரா என் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

மருமகன் பையிலிருந்து தன்னுடைய அரைக் காற்சட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். வேறு வழி? மாற்றிக்கொண்டு வந்தேன். சுதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரை ஊராக்கள் இப்பப் பாக்கவேணும்! நில்லுங்கோ அப்பா, ஒரு படம் எடுப்பம்."

"நீயும் வாவன் பிள்ளை."

"ஐயோ, எனக்கு உது வேண்டாம். நான் கீழை நிக்கிறன்."

"பயந்தாங்கொள்ளி!" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்...

படகில் ஏறியதும் மீரா எனக்கு வகுப்பெடுத்தாள். "பயப்பிடாதேங்கோ அம்மப்பா. இது பொய்ப் பயம். மேலை போகும், டமார் எண்டு விழும், எல்லாரும் கத்துவினம். பிறகு ஐஸ்கிறீம்."

பொய்ப் பயம்! நல்ல சொல்லாக இருக்கிறதே என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். இந்தக் கிழமைப் பத்திக்கு ஆயிற்று. பயத்துக்குப் பிறகு ஐஸ்கிறீம் வரும் என்று நம்புகிற ஒரு பிள்ளை... கொடுத்து வைத்தவள்.

சங்கிலி படகை இழுத்துக்கொண்டு மேலே போனது. முன் இருக்கையில் ஆரனும் மருமகனும். உச்சிக்கு வந்ததும் இயந்திரச் சத்தம் சட்டென்று நின்றது. கீழே தண்ணீர். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீரா கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

என் கை போய் அவளுடைய வாயைப் பொத்தியது.

நான் அனுப்பவில்லை. அது தானாகப் போனது. படகு விழுந்து, தண்ணீர் தெறித்து, எல்லோரும் கத்தி ஓய்ந்து, ஓரத்தில் வந்து நிற்கும்வரை அந்தக் கை எடுபடவில்லை. பிள்ளை என் விரலைக் கடித்திருக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

இறங்கியதும் தாயிடம் ஓடினாள். "அம்மா, அம்மப்பா என்ரை வாயைப் பொத்தினவர்! எனக்கு மூச்சு வரேல்லை!"

சுதா என்னை ஏசவில்லை. பிள்ளையைத் தூக்கி முதுகைத் தடவிக்கொண்டு, என் கையைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ரமணன், உனக்கு விளங்காது. நீ அப்போது கைக்குழந்தை.

சண்டைக் காலத்தில் நாங்கள் இந்தத் தீவை விட்டு வெளிக்கிட்டது ஒரு மீன்பிடிப் படகில். நீ அம்மாவின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாய். அக்கா என் மடியில். அவளுக்கு அப்போது மீராவின் வயது. விடிகிற நேரம் தூரத்தில் கடற்படை ரோந்துப் படகின் சத்தம் கேட்டது. ஓட்டி இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, "ஒரு பிள்ளையும் சத்தம் போடக்கூடாது" என்றான். சுதா அழ வாயெடுத்தாள். நான் பொத்தினேன். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை பொத்திக்கொண்டே இருந்தேன். கையை எடுத்தபோது அவள் உதட்டில் இரத்தம்.

அதற்காக நான் வருந்தவில்லை. படகில் இருபது பேர். வேறென்ன செய்திருக்க முடியும்?

வருந்துவது அதற்குப் பிறகு செய்ததற்கு. கரை சேர்ந்தபின், "இனி அழலாம் பிள்ளை" என்று நான் சொல்லவில்லை. பாராட்டினேன்! வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்கடை சுதா அசல் பிள்ளை. கடலுக்குள்ளையே ஒரு சத்தம் போடேல்லை" என்று பெருமை பேசினேன். எத்தனை வருடம்... அந்தக் கதையை நான் தொடங்கும்போதெல்லாம் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று பூங்காவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம், நானும் சுதாவும். பிள்ளைகள் தகப்பனோடு ஐஸ்கிறீம் வாங்கப் போயிருந்தார்கள்.

"உனக்கு ஞாபகமிருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஓம் அப்பா."

பிறகு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "மீரா பிறக்கேக்கை நேர்ஸ் எனக்குப் பக்கத்திலையே நிண்டவ. கத்துங்கோ, இஞ்சை எல்லாரும் கத்துறவைதான், கத்தினா சுகமாயிருக்கும் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவ. எனக்கு வரேல்லை அப்பா. பல்லைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான்."

நான் பதில் சொல்ல முன்னமே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஐஸ்கிறீம் உருகுகிறது, துடைக்கத் தாள் இல்லை, ஆரனின் ஒரு செருப்பைக் காணவில்லை... பேச்சு அதோடு போனது. தப்பினேன் என்று ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது வானுக்குள் மீரா என் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் நான் அவளுக்கு முன்னால் போய்க் குந்தினேன்.

"அம்மப்பா செய்தது பிழை."

"ஸொறி சொல்லுங்கோ."

"ஸொறி."

"அப்ப நீங்களும் ஒருக்காக் கத்துங்கோ."

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றேன்.

"அது கத்தலில்லை. இருமல்!" என்றாள்.

"மாமா, சங்கக் கூட்டத்திலை நீங்கள் போடுற சத்தம் குறிகட்டுவானுக்குக் கேக்குமாமே!" என்று மருமகன் சீண்டினார்.

"அது கோபம், மருமகன். உது வேறை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மீரா மட்டும் சிரிக்கவில்லை. நான் செய்து காட்டுவேன் என்று காத்துக்கொண்டு நின்றாள். பிறகு விளையாடப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார்கள். கூப்பிட்டால் வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். மடிக்கு மட்டும் வரவில்லை. வெளிக்கிடும்போது வானுக்குள் இருந்து கை காட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளை, மறந்துவிடுவாள் என்று பெரியவர்கள் சொல்வோம். உன் அக்காவைப் பற்றியும் நான் அப்படித்தான் சொன்னேன், ரமணன்.

சுதா, வாங்கில் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்குக் கரையிலேயே கையை எடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எடுக்கவில்லை, பிள்ளை. என் பெருமைப் பேச்சால் இவ்வளவு காலமும் பொத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கடலில் செய்ததற்குக் காரணம் இருந்தது. கரையில் செய்ததற்கு ஒரு காரணமும் இல்லை.

நீங்கள் போன அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இரண்டு பக்கமும் பார்த்தேன், ஆளில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, வாயைத் திறந்தேன். முதல் தரம் வரவில்லை. இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரம், கரையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் எல்லாம் தலையை நிமிர்த்திப் பார்த்தன.

மீராவிடம் சொல்லிவிடு, சுதா – அது இருமல் இல்லை.