பட்டுப்போன கருவேலம்

சீமைக் கருவேல மரம் பட்டுப்போனால் எங்கள் பக்கத்தில் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். நானும் வருத்தப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அதிகாரி வந்து கேட்டபோது நான் இதைச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். வானம் பார்த்த நெல், கொஞ்சம் மிளகாய். கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர்தான் ஊறும். குடிக்க இருப்பது ஓர் ஊருணி. மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக வந்து அதில் சேரும். அடுத்த மழை வரைக்கும் ஊரே அதைத்தான் குடிக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையேறுவோம். கை கால் நனைக்க மாட்டோம், குடத்தை மட்டும்தான் இறக்குவோம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குடத்தின் உள்ளே தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் போதும், காலையில் தெளிந்திருக்கும். பஞ்சாயத்துக் குழாயிலும் தண்ணீர் வரும், அதற்கு மனசு இருந்தால். அதை நம்பி உலை வைக்கிற ஆள் ஊரில் கிடையாது.

என் வயல் ஊருணிக்கு மேற்கே, வரத்துக்காலை ஒட்டி இருக்கிறது. வயலின் ஓரமாக மண்ணுக்கடியில் எண்ணெய்க் குழாய் போகிறது. தூரத்து எண்ணெய்க் கிணற்றில் எடுப்பதை இந்த வழியாகத்தான் கொண்டுபோகிறார்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் புதைத்தது. அடையாளத்துக்கு மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து எத்தனையோ நாள் கஞ்சி குடித்திருக்கிறேன்.

குழாய்ப் பாதையை நடந்து பார்ப்பதற்கு வாரம் ஒருவர் வருவார். பரமக்குடிக்காரர். கையில் ஒரு கம்பு, தோளில் பை, பைக்குள் நோட்டு. ஒப்பந்தக்காரரிடம் வேலை. என்னைவிட நாலைந்து வயது இளையவர் என்பதால் நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். எங்கள் வீடு வயலுக்கு எதிரிலேயே இருந்ததால் வெயிலுக்கு அங்கே வந்து நிற்பார்.

"ஊருணித் தண்ணி ஒரு செம்பு குடுங்கக்கா. பரமக்குடித் தண்ணிக்கு நாக்கு செத்துப்போச்சு."

அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே கேட்பார். "பயிர் பச்சை எதுவும் கருகிக் கிடக்காக்கா? வாடை கீடை வருதா?"

"மழை இல்லாமக் கருகுனதை எழுதுறியா? எழுது, நோட்டு பத்தாது" என்பேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கோடையில் வரத்துக்கால் ஓரம் நின்ற கருவேலங்கூட்டத்தில் ஒரு பகுதி காய்ந்தது. கருவேலம் காய்வது என்பது எங்கள் ஊரில் நடக்காத காரியம். வெட்டினால் துளிர்க்கும், தீ வைத்தாலும் துளிர்க்கும். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை அதோடு மல்லுக்கட்டினார். முள் ஏறிய காலோடு மாதக்கணக்கில் நொண்டினார். அப்படிப்பட்ட மரம் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றதைப் பார்த்ததும் எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நயினார்கோவிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

காய்ந்ததை வெட்டி விறகுக்குச் சேர்த்தேன். தூரைக் கிளறும்போது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. கருவேலத்தைக் கொல்வதற்குத் தூரில் மண்ணெண்ணெய் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாரோ புண்ணியவான் எனக்காக ஊற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கேற்றவே மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் அடுத்தவர் வயலோரத்தில் எந்தப் புண்ணியவான் ஊற்றுவான்? அதை யோசிக்கிற புத்தி அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

அந்த வாரமும் பரமக்குடித் தம்பி வந்தார். தண்ணீர் குடித்தார். கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பயிர் என்றால் எனக்கு நெல், மிளகாய். கருவேலம் பட்டுப்போனதை ஒரு சேதமாக என் மனசு எண்ணவே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் நல்ல மழை பிடித்தது. முதல் தண்ணீர் வரும்போது ஊரே கரையில் நிற்கும், அன்றைக்கும் நின்றோம். வரத்துக்காலில் தண்ணீர் சுருண்டு சுருண்டு வந்தது. அதன் மேலே மயில் கழுத்து நிறத்தில் ஏதோ மினுமினுத்தது. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வாடை வந்த பிறகுதான் ஆண்கள் ஓடிப்போய் மண்ணை வெட்டிப்போட்டு வரத்துக்காலை அடைத்தார்கள். அதற்குள் ஊருணியில் பாதித் தண்ணீர் சேர்ந்துவிட்டது. நான் இடுப்பில் குடத்தோடு நின்றேன். தூரைக் கிளறியபோது அடித்த அதே வாடை. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மறுநாள் லாரிகள் வந்தன. குழாயில் ஊசி அளவு ஓட்டைதான் என்றார்கள். சொட்டுச் சொட்டாக எத்தனை மாதமாகக் கசிந்ததோ. நான் வெட்டிய தூருக்கு நேர் கீழேதான் அது இருந்தது.

சுத்தம் செய்ய வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்த்தார்கள். தலையணை போல வெள்ளை உருளைகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு எண்ணெயை உறிஞ்ச வைத்தார்கள். அது கறுத்ததும் எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். வயலோரத்து மண்ணை ஆள் மட்டத்துக்குத் தோண்டித் தார்ப்பாயில் கட்டிக்கொண்டு போனார்கள். கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன. கடைசியில், தண்ணீரை மொத்தமாக இறைத்துத் தரையையும் சுரண்டினால்தான் சரிப்படும் என்றார்கள்.

ஊருணியை இறைப்பதை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. மோட்டார் ஓடிய இரண்டு நாளும் மழை தூறிக்கொண்டே இருந்தது. அந்த நல்ல தண்ணீரையும் ஊருணிக்குள் விடாமல் ஓடைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பூட்ஸ் கால்கள் நடுத்தரையில் நடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தரையைச் சுரண்டி முடித்த அன்றோடு மழையும் நின்றது. அந்த வருஷம் பிறகு பெய்யவே இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரி வீடு வீடாகக் கேட்டார். "முன்னாடியே ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதாம்மா?"

பாதை பார்க்கிறவர் அதிகாரிக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றார். அவர் நோட்டில் வாரா வாரம் கையெழுத்து இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

ஊர் என்னை என்ன சொல்லுமோ என்ற பயம். அவரைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை என்று பின்னால் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவரையும் அது காப்பாற்றவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருஷம் மழை பெய்து ஊருணி நிரம்பியது. தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாம் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் தாள் ஒட்டினார்கள். யாரும் குடிக்கவில்லை. வேனில் கேன் தண்ணீர் வருகிறது, அதுதான் உலைக்கும். ஆனாலும் கரையேறும்போது செருப்பைக் கழற்றத்தான் செய்கிறோம்.

போன மாதம் பரமக்குடித் தம்பி வந்தார். நயினார்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே வந்ததாகச் சொன்னார். தலை நன்றாக நரைத்திருந்தது. ஒரு ஜவுளிக் கடையில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறாராம். கேனிலிருந்து செம்பில் பிடித்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் நிறுத்தினார்.

"ஊருணித் தண்ணி இல்லியாக்கா?"

"நாங்க குடிக்கிறதில்ல தம்பி."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தம்பி, அங்கன கருவேலம் பட்டுப்போனதை நான் முன்னாடியே பாத்தேன். தூருல வாடையும் அடிச்சுச்சு. சனியன் செத்துச்சுன்னு சந்தோஷப்பட்டேனே ஒழிய, உன்கிட்ட சொல்லத் தோணல. உன் வேலை போனது என்னாலதான்."

செம்பைக் கீழே வைத்துவிட்டு வயல் பக்கம் திரும்பினார்.

"நானும் பாத்தேன்க்கா" என்றார். "எங்க பூர்வீக நிலம் பூரா அந்த முள்ளுதான். பொழைக்க வழியில்லாமத்தான் இந்த வேலைக்கே வந்தேன். அக்கா வயலாவது தப்பிச்சுச்சேன்னு நினைச்சுக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

இரண்டு பேரும் வயலோரம் வரை நடந்து போனோம். தோண்டி நிரப்பிய புது மண்ணில் ஒரே ஒரு கருவேலங்கன்று முழங்கால் உயரத்துக்கு நின்றது. அவர் பழக்க தோஷத்தில் பிடுங்கப் போனார்.

"விடு தம்பி" என்றேன். "தினம் காலையில அது பச்சையா இருக்கான்னு வந்து பாத்துட்டுத்தான் அடுப்பே பத்த வைக்கிறேன்."