வெடித்தது போக மிஞ்சிய கிண்ணங்கள்

போன் வந்தபோது லேத்தில் ஒரு மரக்கிண்ணம் பாதி கடைந்த நிலையில் சுற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தி, முகத்திலிருந்த மாஸ்க்கை இறக்கிவிட்டு எடுத்தேன். குவைத்தில் என் கணவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த மலையாளி. எப்போதும் "சேச்சி, சுகமா?" என்று தொடங்குபவர், அன்று "வீட்டுல வேற யாரு உண்டு?" என்று கேட்டார்.

"மாமி மட்டும்தான்."

"அவங்க கையில போனக் கொடுங்க."

"எங்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். காலையில் வேலைக்குக் கிளம்ப எழுப்பியிருக்கிறார்கள். எழுந்திருக்கவில்லை.

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், சுற்றுச்சுவருக்குள்ளேயே ஒரு தகரக் கொட்டகை. அங்கே அந்த லேத்தைப் போட்டுக் கொடுத்தது என் கணவர்தான். வெளிநாடு போவதற்கு முன்னால் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தவர். "நான் அங்கன கெடக்கேன், நீ இங்கன சும்மா கெடக்காத" என்று ஒரு லீவில் எனக்குப் பழக்கிவிட்டுப் போனார். நிறைய உடைத்தேன். அப்புறம் கை பழகிவிட்டது. குமுளியில் சுற்றுலாக்காரர்கள் வரும் ஒரு கடைக்குக் கிண்ணம் கடைந்து கொடுக்க ஆரம்பித்தேன்.

கடைசியாக வந்திருந்தபோது கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காற்றில் சாய்ந்த சந்தனவேம்பை விலை பேசி, ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்தார். கடைக்காரர்கள் அதைச் சிகப்பு தேவதாரு என்பார்கள். பார்க்க அழகான மரம், உளி வைத்தால் வெண்ணெய் மாதிரி சீவும், வாசனையாகவும் இருக்கும். ஆனால் நம்ப முடியாது. வெயில் பட்டால் வெடிக்கும், ஃபேன் காற்றுக்கும் வெடிக்கும். முண்டுகளின் வெட்டு முகத்தில் மெழுகு தடவி அடுக்கி வைத்தவர், ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதுகூட அதைத்தான் பேசினார். "பச்சையிலயே குடைஞ்சு, சுவரக் கனமா விட்டு, மரச்சீவலோட சேத்துத் தாள்பையில கட்டி வையி. நாலஞ்சு மாசம் மெதுவாக் காயட்டும். அப்பறமா எடுத்து ரெண்டாந்தடவை கடை."

அப்படியே இருபத்திரண்டு கிண்ணங்களைக் கடைந்து பையில் கட்டி வைத்திருந்தேன். இருபத்து மூன்றாவது லேத்தில் இருந்தபோதுதான் போன் வந்தது.

அவர் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து ஒருவர் பேசினார். மய்யித்தை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, அங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்று கேட்டார். அனுப்புவதென்றால் பேப்பர் வேலை முடியப் பல நாள் ஆகுமாம். மாமியைப் பார்த்தேன்.

"பெட்டிக்குள்ள எத்தன நாளும்மா வச்சிருப்பாக எம்புள்ளைய? அங்கனயே அடக்கம் பண்ணச் சொல்லு" என்றார்.

"சரி" என்றேன். என் போனுக்கு ஒரு சம்மதத் தாள் வந்தது. பக்கத்துக் கடையில் அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, படம் பிடித்துத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் மதியத் தொழுகைக்குப் பின் அடக்கம் முடிந்தது. அறைக்காரர் ஒரு போட்டோ அனுப்பினார். மணல்மேடு, தலைமாட்டில் ஒரு கல். பார்த்துவிட்டு, சார்ஜ் குறைவாக இருந்ததால் போனைச் சார்ஜில் போட்டேன்.

மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போனேன். லேத்திலேயே விட்டுவந்த கிண்ணம் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. கழற்றி விறகோடு போட்டேன்.

இத்தா இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், வெள்ளைச் சேலையில். துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று ஒருத்தி வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை.

"உள்ள வச்சுக்கிறாதம்மா, அழுதுரு" என்றார் மாமி.

"வரல மாமி."

"எனக்கும் மொத நாளு வந்ததோட சரி" என்றார்.

இத்தா முடிந்த வாரம் பைகளைப் பிரித்தேன். ஒன்பது வெடித்திருந்தன. மீதிப் பதின்மூன்றும் காய்ந்து கோணி, முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. அது சகஜம். மறுபடி லேத்தில் மாட்டி, வட்டத்துக்குக் கொண்டுவந்து, சுவரை மெலிதாக்கினேன். மயிரிழை விரிசல்களில் மரத்தூளை அடைத்து, உடனே ஒட்டும் பசையைச் சொட்டு விட்டேன்.

அதற்குப் பிறகு உப்புத்தாள். இந்த மரத்தில் தாளை அழுத்தித் தேய்க்கக்கூடாது. சூடு ஏறினால் நல்ல கிண்ணமும் அந்த இடத்திலேயே விரிசல் கோடு விடும். தாளுக்குப் பின்னால் இருக்கும் விரல் சுட்டால் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு ஒரு கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நிறுத்திப் பார்த்தால் உள்பக்கம் நாலைந்து கோடுகள் ஓடியிருந்தன. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுச் சோற்றுக்குப் போனேன். தட்டில் கை வைத்தபோது மாமிதான் பார்த்தார்.

"என்னம்மா இது, ரெண்டு வெரலும் பொள்ளிக் கெடக்கு?"

கொப்புளம் போட்டு, ஒன்று உடைந்தும் இருந்தது. எனக்குத் தெரியவில்லை. மாமி என் கையைப் பிடித்து மருந்து போட்டார். அப்போதுதான் எரிந்தது.

மறுநாளிலிருந்து மாமியும் கொட்டகைக்கு வந்துவிட்டார். நான் தேய்க்கும்போது பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, "போதும், நிறுத்து" என்பார். நிறுத்துவேன். ஆறவிட்டு மறுபடி தொடங்குவேன். ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் காய்ச்சிக் கலந்து, பழைய கைலித் துணியில் தொட்டு, இரண்டு பேருமாகப் பூசினோம். எண்ணெய் பட்டதும் மரம் ரத்தச் சிவப்பாக மாறியது. "நல்லாருக்கு" என்றார் மாமி. நல்லாத்தான் இருந்தது.

பன்னிரண்டு கிண்ணங்களையும் செய்தித்தாளில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்து, பஸ்ஸில் குமுளிக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரிசல் அடைத்த இடங்களை நானே காட்டினேன். "சாரமில்ல, பரவால்ல" என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மூடி வைத்த கிண்ணம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். பிறகு ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் இத்தன மாசம் காணல? வீட்டுக்காரர் லீவுல வந்தாரா?"

"இல்ல. அவக குவைத்துலயே இருக்காக" என்றேன்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மாமி கேட்டிருந்த பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கழுவித் தட்டில் வைத்து இருவரும் தின்றோம்.

"அவனப் பத்திக் கேட்டாளா?" என்றார் மாமி.

"கேட்டா. குவைத்துல இருக்காகன்னு சொல்லிட்டேன்."

மாமி விதையைத் துப்பினார். "சரிதான்" என்றார்.