தொட்டியோரம் ஒன்பது நாள்

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். குழந்தைகளின் விலங்குப் புத்தகம் ஒன்றுக்குப் பன்னிரண்டு படங்கள் வரைய ஒப்புக்கொண்டிருந்தாள். பதினொன்று முடிந்துவிட்டது. நீர்நாய் மட்டும் பாக்கி.

மிருகக்காட்சிசாலையில் கூண்டு கழுவும் வேலை அவளுடைய நாத்தனாருக்கு. அந்தத் தயவில், கூட்டம் வருமுன்பே உள்ளே போய்த் தொட்டியோரம் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். இரண்டு நீர்நாய்கள். ஒன்று முதுகைக் காட்டும். அந்தக் கோட்டைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் முங்கியிருக்கும். மேலே வருவது அதுதானா, மற்றதா என்றே தெரியாது. எட்டு நாளில் ஒரு நோட்டு முழுக்க வாலும் காதும் பாதி முதுகும்தான் சேர்ந்தன. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"போட்டோவப் பாத்து வரைஞ்சிட்டுப் போங்களேன் அண்ணி. யாரு வந்து கேக்கப் போறா?" என்றாள் நாத்தனார், குழாயை மூடாமலே.

"போன புத்தகத்துல ஒட்டகத்த அப்படித்தான் வரைஞ்சேன். பின்னங்காலு தப்புத் தப்பா மடங்கிக் கெடந்துச்சு. அச்சாகி வந்தப்புறந்தான் கண்ணுல பட்டுது. இன்னும் அந்தப் பக்கத்தத் தெறக்க மாட்டேன்."

"இதுங்க என்னிக்கு நின்னு, நீங்க என்னிக்கு முடிக்க?"

ஒன்பதாம் நாள் தொட்டியில் அலையே இல்லை. பெண் நீர்நாய் முந்தின நாள் சாயங்காலம் செத்துப்போயிருந்தது. ஆண், கரைக்கல்லின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாத்தனார் போட்ட மீன் அப்படியே கிடந்தது.

பென்சிலை எடுத்தாள். எட்டு நாளாகப் பிடிபடாத கழுத்து, தோள், மீசை எல்லாம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. ஒரு கோடுகூட அழிக்கவில்லை. முடித்ததும் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பதிப்பாளர் அந்தப் படத்தைத்தான் முதலில் கையிலெடுத்தார். "எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு."

"ஜோடி செத்த மறுநாள் சார் அது. குழந்தைங்களுக்கு அது வேண்டாம். இதுலேர்ந்து போடுங்க," என்று நோட்டை நீட்டினாள்.

அவர் புரட்டினார். "ஒண்ணுகூட முழுசா இல்லையேம்மா."

"எனக்கும் அது முழுசா கெடைக்கல சார்."

முனகிக்கொண்டேதான் சம்மதித்தார். இருபது துண்டுகளைப் பொறுக்கி ஒரே பக்கத்தில் இறைத்துப் போடுவதென்று முடிவாயிற்று. உட்கார்ந்திருந்த நீர்நாயின் படத்தை அவள் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது பறவைங்க," என்றார் அவர்.

"கொஞ்ச நாள் போகட்டும் சார்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.