ஒற்றைக் கையால் ஒரு பர்கர்

பரிமாறும் தொழிலில் கால்வலி சம்பளத்தோடு வரும், அடுத்த மேசைக் குடும்பக் கதை இனாமாக வரும். தட்டுத் தூக்கிப் பிழைத்த உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஜேர்மனியின் எசன் நகரில், டைனர் எனப்படும் அமெரிக்கச் சாப்பாட்டுக் கடையொன்றில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஜேர்மன்காரருக்கு அமெரிக்கச் சாப்பாடு கொடுக்கிறான். வயிற்றுக்கு ஏது நாடு?

பொதுவான இடம்

ஒரு ஞாயிறு மத்தியானம் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துப் பெடியன் நந்தன் தன் ஜேர்மன் மனைவி கத்ரினோடும், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா தாமோதரம் ஐயாவோடும் வந்தான். ஐயாவுக்கு இந்தச் சாப்பாடு புதிது. இடத்தைத் தெரிந்தெடுத்தவள் கத்ரின். அவள் வீட்டுச் சாப்பாடும் இல்லை, மாமனார் வீட்டுச் சாப்பாடும் இல்லை, இரண்டு பேருக்கும் பொது என்று நினைத்திருக்கிறாள். நந்தன் கவுண்டருக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, இவள் எனக்காகத் தமிழ் படிக்கிறாள். அப்பா வந்ததிலயிருந்து இவளோட ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நாளைக்குத் திரும்பிப் போறார்."

கோப்பிச் சட்டம்

கோப்பை காலியானால் கேட்காமலே நிரப்ப வேண்டும் என்பது கடைச் சட்டம். ஊற்றித் தந்ததை மிச்சம் விட்டால் தந்தவரை அவமதித்ததாகும் என்பது ஐயா வளர்ந்த வீட்டுச் சட்டம். நான் ஊற்ற அவர் குடிக்க, அவர் குடிக்க நான் ஊற்ற, பாவம், மனிசனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"தம்பி, உங்கட மனம் நோகக்கூடாதெண்டுதான் குடிச்சனான். இனி ஏலாது."

இடக்கை

முன்பின் தெரியாத என் மனம் நோகக்கூடாது என்கிறார், முன்னால் இருக்கும் மருமகளின் மனம் தெரியவில்லையே என்று எனக்குக் கோபமே வந்தது. பர்கரை வைத்துவிட்டு விலகி நின்றேன். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய சாமான் அது. ஐயாவுக்கு இடக்கை சாப்பாட்டில் படக்கூடாது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வலக்கையால் தூக்கினார். இறைச்சி ஒரு பக்கம் வழுக்கியது, தக்காளி மறுபக்கம் விழுந்தது. பக்கத்து மேசை திரும்பிப் பார்க்க, அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முள்ளுக்கரண்டியோடு ஓடினேன். கத்ரின் வேண்டாம் என்று தலையசைத்தாள். தன் இடக்கையை மேசைக்குக் கீழே விட்டு, வலக்கையால் மட்டும் தன் பர்கரைத் தூக்கினாள். அது அவரதைவிட மோசமாகப் பிரிந்து, சோஸ் முழுக்க வெள்ளைச் சட்டையில் வடிந்தது. அவள் துடைக்கவில்லை, தட்டில் விழுந்ததை அவரைப்போலவே விரலால் கூட்டி அள்ளிச் சாப்பிட்டாள். ஐயா நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடுதாசித் துண்டொன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பிள்ளை, முதல்ல சட்டையைத் துடையம்மா. கறை பிடிக்கப் போகுது."

எங்கள் சமையற்காரன் பர்கரை ஒழுங்காக அடுக்கத் தெரிந்தவனாக இருந்திருந்தால் ஐயா பேசாமலே விமானம் ஏறியிருப்பார் என்பதால், அவனைத் திட்டுவதை நான் இப்போது கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.